திண்டுக்கல் நகர்மன்றம்: தேர்தல்களும் இடைவெளிகளும்

திண்டுக்கல் என்றதும் அரசியல் ஆர்வலர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1973 மே மாதத்து மக்களவை இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சுயேச்சைகளுக்கான சின்னங்களிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்துகொண்டு களமிறங்கிய அக்கட்சியின் மாயத்தேவர், ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம். ஆளுங்கட்சியான திமுகவுக்கு மூன்றாமிடம். தமிழக அரசியலின் திசையை மாற்றிய தேர்தல் என்று இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். 2019-இல் திமுகவின் ப. வேலுச்சாமி 5,38,972 வாக்கு வித்தியாசத்தில் வென்று அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்ததும், 2024-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர். சச்சிதானந்தம் இந்தத் தொகுதியை வென்றதும் ஊருக்கே மனப்பாடம்.

இதே ஊரின் நகர்மன்றத்துக்கு எத்தனை முறை தேர்தல் நடந்தது, எத்தனை ஆண்டு நடக்காமல் இருந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. டெல்லிக்கு அனுப்பிய எம்.பி.யைவிடக் குழாயில் தண்ணீர் வராத நாளில் போய் நிற்கிற கவுன்சிலர்தான் மக்களுக்கு நெருக்கமானவர். ஆனாலும் வரலாறாக எழுதப்பட்டதெல்லாம் எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்கள்தாம். 1866 முதல் 2014 வரை ஏறத்தாழ 150 ஆண்டு வாழ்ந்து, மாநகராட்சி என்ற பெயரில் மறைந்துபோன திண்டுக்கல் நகராட்சிக்கும் ஒரு தேர்தல் வரலாறு உண்டு. அதில் ஊர் யாருக்கு வாக்களித்தது என்பது ஒரு பாதி. ஊர் எப்போது வாக்களிக்கலாம், எந்த முறையில் வாக்களிக்கலாம் என்பதைச் சென்னையில் இருந்தவர்கள் முடிவுசெய்தது மறுபாதி.

வரி கட்டியவர்களின் மன்றம்

1865-ஆம் ஆண்டின் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1866 நவம்பர் 1-ஆம் தேதி திண்டுக்கல் நகராட்சி பிறந்தது. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வளர்ந்த ஊர் அது. தோல் பதனிடுவதும் பூட்டுச் செய்வதும் அதன் அடையாளங்கள் ஆயின. திண்டுக்கல் சுருட்டு கப்பலேறிப் போனது. அந்த முதல் மன்றம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. அரசு நியமித்தவர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து விளக்கு, சாலை, துப்புரவு என்று பேசிக் கலைந்த கூட்டம்.

1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம்தான் வாக்குப்பெட்டிக்கு வழிவிட்டது. அதையொட்டி 1884-இல் வந்த சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்க வகை செய்தது. சொத்து உள்ளவர், வரி ரசீது வைத்திருப்பவர்தான் வாக்காளர். தோல் கிடங்கில் வேலை செய்தவருக்கும் சுருட்டு சுற்றிய பெண்ணுக்கும் மன்றத்தில் சொல்ல ஒரு சொல்லும் இருக்கவில்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தின் அதிகாரத்தையும் வாக்காளர் பட்டியலையும் விரித்தது. 1930-இல் நியமன உறுப்பினர் முறை போனது.

நகரத்துக்கு வெளியே இருந்த சமவெளிக் கிராமங்களுக்கு வேறு ஏற்பாடு. மேலே மதுரை ஜில்லா போர்டு, அதன் கீழே தாலுகா போர்டு. சாலை, சத்திரம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் போர்டின் பொறுப்பு. ‘போர்டு ஸ்கூல்’ என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வது அந்தக் காலத்து மிச்சம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில் பாதையே போட்டது என்றால் இந்தப் போர்டுகளின் கை எவ்வளவு நீளம் என்பது புரியும். நீதிக்கட்சியும் காங்கிரஸும் சட்டமன்றத்துக்கு முன்பே பலப்பரீட்சை நடத்திய இடம் இவைதாம். போர்டு தலைவர் பதவி மாவட்டத்தின் குறுநில மன்னர் பதவிக்குச் சமமாக இருந்தது.

1934-இல் தாலுகா போர்டுகள் மறைந்தன. காமராஜர் ஆட்சியில் வந்த 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஜில்லா போர்டுகளையும் கலைத்தது. 12,000-க்கும் அதிகமான ஊராட்சிகள், 370-க்கும் அதிகமான ஊராட்சி ஒன்றியங்கள் என்று புதிய அமைப்பு உருவானது. யூனியன் சேர்மன் என்ற பெரிய மனிதர் அப்போதுதான் பிறந்தார். மாவட்ட அளவில் போர்டு இருந்த இடத்தில் கலெக்டரின் தலைமையில் ஆலோசனை சொல்லும் வளர்ச்சி மன்றம் வந்தது. மாவட்டம் முழுவதற்குமாக மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மன்றம் மறுபடி அமைய 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1974 ஏப்ரலில் தொடங்கிய மாவட்டக் கவுன்சில்கள் பல, அண்மைக்காலத்தில் இணைப்பில் மறைந்துவிட்டன. டார்செட்டில் 2019-இலும், நார்தாம்ப்டன்ஷையரில் 2021-இலும், சோமர்செட், கம்ப்ரியா, வடக்கு யார்க்‌ஷையர் பகுதிகளில் 2023-இலும் அது நடந்தது. ஆனால் மறைந்துபோன ஒரு கவுன்சிலின் தேர்தல் கணக்கை எடுத்தால், பெரும்பாலும் வரிசை அறுபடாமல் இருக்கும். நான்காண்டுக்கு ஒருமுறை மொத்த மன்றத்துக்கும், அல்லது நான்கில் மூன்று ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மே மாதத்து முதல் வியாழனில் வாக்குப்பதிவு நடக்கும் என்று நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். விதிவிலக்கு அங்கேயும் உண்டு. மறுசீரமைப்பைக் காரணம் காட்டி 2025-இல் ஒன்பது பகுதிகளின் தேர்தலை ஓராண்டு தள்ளிவைத்தபோது அங்கே கண்டனம் எழுந்தது. ஓராண்டுக்கே அப்படி.

பத்தாண்டு மௌனம்

விடுதலைக்குப் பிந்தைய நகர்மன்றத் தேர்தல்களில் திராவிடக் கட்சிகளின் வளர்ச்சி முதலில் தெரிந்தது. திமுக கோட்டையை, அதாவது மாநில ஆட்சியை, பிடிப்பதற்கு எட்டாண்டு முன்பே, 1959-இல், சென்னை மாநகராட்சியைப் பிடித்தது. திண்டுக்கல்லில் இன்னொரு நீரோட்டமும் ஓடியது. தோல் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர், நெசவாளர் சங்கங்களின் பின்புலத்தில் இடதுசாரிகள் இங்கே வேர்விட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. பாலசுப்ரமணியம் 1967-இல் திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியின் எம்.எல்.ஏ. ஆனார். 1977-இல் என். வரதராஜனும், 2001 தொடங்கி மூன்று முறை கே. பாலபாரதியும் அந்த வரிசையில் வந்தார்கள். மேற்குத் தமிழகத்தில் பஞ்சாலைகளைச் சார்ந்து இடதுசாரிகள் வளர்ந்ததைப் போல, இங்கே தோல் கிடங்குகளும் தெருக்களும் அவர்களுக்குக் களமாயின.

1969-இல் நகராட்சிகளுக்கும் 1970-இல் ஊராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு நெடிய மௌனம். 1970-களின் நடுவில் பதவிக்காலம் முடிந்த நகர்மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 1986 பிப்ரவரியில்தான் வந்தது. நெருக்கடி நிலை, ஆட்சிக் கலைப்பு, எம்.ஜி.ஆரின் இரண்டு சட்டமன்ற வெற்றிகள், ஏன், மூன்றாவது வெற்றியும்கூட வந்து போனது. கோட்டைக்கு ஊர் மூன்று முறை வாக்களித்த காலத்தில் தன் தெருவுக்கு ஒரு முறைகூட வாக்களிக்கவில்லை. இடையில் 1985 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரம் ஆன அன்று அந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் இல்லை.

இந்த ஆண்டுகளில் நகராட்சியை நடத்தியவர் தனி அலுவலர். கோப்பில் கையெழுத்து ஓடும், சம்பளம் கிடைக்கும், விளக்கும் எரியும். ஆனால் வரியை உயர்த்தினால் யாரிடம் கேட்பது, கடை ஏலத்தில் முறைகேடு என்றால் யார் மன்றத்தில் எழுப்புவது என்ற கேள்விகளுக்கு முகவரி இருக்காது.

1986 தேர்தலில் மாநிலம் முழுவதும் பெரும்பாலான நகராட்சிகளை எதிர்க்கட்சியான திமுக வென்றது. சட்டமன்றத்தில் எம்.ஜி.ஆர். அசைக்க முடியாதவராக இருந்த காலம் அது. அந்த மன்றங்களின் ஆயுள் 1991-இல் முடிந்தது. மறுபடி ஐந்தாண்டு தனி அலுவலர் ஆட்சி.

தேர்தல் எந்த மாதம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள் இந்த விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஐந்தாண்டுக்கு மேல் மன்றத்துக்கு ஆயுள் இல்லை. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும். நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு வேண்டும். தமிழ்நாடு 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டமும் தேர்தல் ஆணையமும் கண்டது. 1996, 2001, 2006, 2011 என்று நான்கு அக்டோபர்களில் ஒழுங்காக வாக்குப்பதிவு நடந்தது. திண்டுக்கல் வரலாற்றில் இவ்வளவு சீரான காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த நான்கு அக்டோபர்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நான்குமே, சட்டமன்றத் தேர்தல் முடிந்து ஐந்தாறு மாதத்தில் வந்தவை. மே மாதத்தில் ஆட்சியைப் பிடித்த கட்சியின் மாலை வாடுவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிடும். விளைவு, 1996-இல் திமுக அணி, 2001-இல் அதிமுக, 2006-இல் திமுக அணி, 2011-இல் அதிமுக என்று கோட்டையில் யாரோ உள்ளாட்சியிலும் மாநில அளவில் அவர்களே முந்தினார்கள். 2011-இல் மாநிலத்தின் பத்து மாநகராட்சிகளும் அதிமுகவுக்குப் போயின. திண்டுக்கல் நகராட்சித் தலைவர் பதவியும் அந்தக் கட்சியின் வி. மருதராஜுக்குக் கிடைத்தது.

வரிசை குலைந்த இரண்டு தேர்தல்கள் வேறு கதை சொல்கின்றன. 1986-இல் ஆட்சியின் தேனிலவு முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது; எதிர்க்கட்சி வென்றது. 2019 டிசம்பரில், ஆட்சியின் நான்காம் ஆண்டில், 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் மாவட்ட ஊராட்சி வார்டுகள் 515-இல் எதிர்க்கட்சியான திமுக 243-ஐயும் ஆளும் அதிமுக 214-ஐயும் பிடித்தன. உள்ளாட்சியில் ஆளுங்கட்சிதான் வெல்லும் என்று திண்ணைப் பேச்சில் சொல்லப்படுவது பாதி உண்மை. ஆட்சிக்கு வந்த சூட்டில் தேர்தலை வைத்தால் ஆளுங்கட்சி வெல்லும் என்பதுதான் முழுக் கணக்கு. தேதியை முடிவுசெய்யும் இடத்தில் மாநில அரசின் கை இருக்கும்வரை, தேர்தல் முடிவின் ஒரு பங்கு அந்தத் தேதியிலேயே அடங்கிவிடுகிறது.

சேர்மனை யார் தேர்ந்தெடுப்பது?

தேதிக்கு அடுத்தபடி முறை. 1996-இலும் 2001-இலும் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலாக அது மாறியது. 2011-இல் மறுபடி நேரடி. 2016-இல் மறைமுகம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2018 ஜனவரியில் அதையும் மாற்றி நேரடி என்றார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் திரும்பவும் மறைமுகம். கடைசி மூன்று மாற்றங்களும் நடந்தபோது நகரங்களில் ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடாத வண்டிக்கு மூன்று முறை சக்கரம் மாற்றிய கதை.

இரண்டு முறைக்கும் ஆதரவாகப் பேச நியாயம் இருக்கிறது. நேரடித் தேர்தலில் தலைவருக்கு ஊரின் மொத்த ஆதரவும் தனியாகக் கிடைக்கும்; ஆனால் தலைவர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றாகிவிட்டால் தீர்மானங்கள் தேங்கும். மறைமுகத் தேர்தலில் அந்த இழுபறி இல்லை. பதிலுக்கு, வாக்கு எண்ணிக்கைக்கும் தலைவர் தேர்தலுக்கும் இடைப்பட்ட நாட்களில் கவுன்சிலர்களை வேனில் ஏற்றி விடுதிகளில் தங்கவைக்கும் காட்சிகளும், குதிரை பேரம் என்ற புகார்களும் வழக்கமாகிவிட்டன. சட்டமன்றத்தில் இந்தத் திருத்தங்கள் வந்தபோதெல்லாம் இந்த நியாயங்கள் பேசப்பட்டன. ஆனால் மாற்றியவர்கள் மாற்றிய நேரத்தைப் பார்த்தால், கூட்டணிக் கட்சிகளுக்குப் பதவி பங்கிடும் வசதி எந்த முறையில் கூடுதல் என்ற கணக்கும் கூடவே தெரியும்.

தேர்தல் இல்லாமல் பிறந்த மாநகராட்சி

2013 ஏப்ரலில் முதல்வர் ஜெயலலிதா திண்டுக்கல்லும் தஞ்சாவூரும் மாநகராட்சிகளாகத் தரம் உயரும் என்று அறிவித்தார். 2014-இல் திண்டுக்கல் மாநகராட்சி ஆனது. 148 வயது நகராட்சி சத்தமில்லாமல் முடிவுக்கு வந்தது. சேர்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருதராஜ் முதல் மேயரானார். மேயர் பதவிக்கென்று ஊர் வாக்களிக்கவில்லை. பெயர்ப்பலகை மாறியது, வரியும் மாறும் என்ற பேச்சு தெருவெங்கும் ஓடியது. குடிநீருக்கு ஆத்தூர் காமராஜர் அணையையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் நம்பிய ஊர், மாநகராட்சி ஆனபின்னும் அதே இரண்டையும்தான் நம்பியது.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் அடுத்த தேர்தல் என்று ஆணையம் அறிவித்தது. வேட்பாளர்கள் மனுத்தாக்கல் செய்து, பல வீதிகளில் பிரச்சாரமும் தொடங்கிவிட்டது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுகவின் ஆர்.எஸ். பாரதி தொடுத்த வழக்கில், அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தார். அந்த மாதக் கடைசியில் மன்றங்களின் ஆயுள் முடிந்தது. தனி அலுவலர் திரும்பி வந்தார்.

பிறகு நடந்தது அனைவரும் அறிந்த இழுவை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி வார்டு மறுவரையறை, பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு, வழக்கு, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள், மறுபடி வழக்கு, கொரோனா. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊர்களுக்கு மத்திய நிதிக்குழுவின் மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜனநாயகம் இல்லாததற்குக் கட்டிய அபராதம் என்றே அதைச் சொல்லலாம். கட்டியவர்கள் தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் இல்லை.

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி, மாநகராட்சியான பின் முதன்முறையாக, திண்டுக்கல்லின் 48 வார்டுகளும் வாக்களித்தன. திமுக அணி தெளிவான பெரும்பான்மை பெற்றது. ஆட்சிக்கு வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. மாநிலத்தின் 21 மாநகராட்சிகளும் அந்த அணிக்கே போயின. மார்ச் 4-ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடி இளமதியை மேயராகவும் ராஜப்பாவைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுத்தனர். தேர்தல் வழியாக வந்த முதல் மேயர் ஒரு பெண். 1884-இல் வரி ரசீது கேட்ட மன்றம் அந்த அளவுக்கு நடந்து வந்திருக்கிறது. பெண் கவுன்சிலரின் கணவர் வார்டை ஆள்கிறார் என்ற முணுமுணுப்பு தமிழகத்து ஊர்களில் இன்னும் ஓயவில்லை என்பதும் இதே வரலாற்றின் பகுதி.

நான்கு நிறச் சீட்டுகள்

அப்போது மாநகராட்சி எல்லை வெறும் 14 சதுர கிலோமீட்டர்தான். நகரத்தை ஒட்டி வீடுகளும் கடைகளும் நெருங்கிவிட்ட பாலகிருஷ்ணாபுரம், சீலப்பாடி, செட்டிநாயக்கன்பட்டி போன்ற இடங்கள் ஊராட்சிகளாக இருந்தன. பார்த்தால் நகரம், பட்டியலில் கிராமம். எல்லையின் இந்தப்புறம் இருப்பவர் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தி வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அந்தப்புறம் இருப்பவருக்கு 2019 டிசம்பரில் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, பிரசிடெண்டுக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ மாதிரியான சின்னங்களோடு உறவும் சாதியும் நட்பும் போட்டியிடும். பின்னிரண்டில் கட்சி இறங்கும். ஒரே நாளில் ஒரே வாக்காளர் பிரசிடெண்டுக்கு ஒரு கணக்கும் மஞ்சள் சீட்டுக்கு இன்னொரு கணக்கும் போடுவது ஊரக அரசியல் அறிந்தவர்களுக்குச் சாதாரணம்.

14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள் கொண்ட இந்த மாவட்டத்தில்தான் காந்திகிராமம் இருக்கிறது. 1947-இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய அந்த நிறுவனத்திலிருந்து வளர்ந்த கிராமியப் பல்கலைக்கழகம், ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தருவதையும் ஊராட்சி ஆட்சிமுறையை ஆராய்வதையும் ஒரு துறையாகவே வளர்த்தது. பேராசிரியர் க. பழனித்துரையின் நூல்கள் பல அங்கிருந்து வந்தவை. 1962-இல் சௌந்தரமே திண்டுக்கல்லின் எம்.பி. ஆனவர்.

ஆனால் பக்கத்து மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காதவர்களின் எதிர்ப்பால் 1996 முதல் பத்தாண்டு முறையான தலைவரே அமையவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார், வந்தாலும் வென்றவர் பதவி விலகிவிடுவார். 2006-இல் மதுரை கலெக்டர் உதயச்சந்திரனின் முயற்சியில்தான் அது முடிவுக்கு வந்தது. தேர்தலைத் தடுப்பது கோட்டையின் தனியுரிமை இல்லை என்பதை அந்த மூன்று ஊர்கள் காட்டின. திண்டுக்கல்லில் தனி அலுவலர் உட்கார்ந்த நாற்காலிக்கும் பாப்பாபட்டியில் காலியாகக் கிடந்த நாற்காலிக்கும் காரணங்கள் வேறு. வாக்காளருக்கு நேர்ந்தது ஒன்றே.

கூட்டிப் பார்த்தால்

1976-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட 46 ஆண்டுகளில், ஏறத்தாழ 20 ஆண்டுகள் திண்டுக்கல் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் இருந்திருக்கிறது. இதே காலத்தில் சட்டமன்றத் தேர்தல் ஒன்றுகூட இவ்வளவு காலம் தள்ளிப்போகவில்லை. எந்தக் கட்சியின் மீதும் தனியாகப் பழிபோட முடியாதபடி இரண்டு திராவிடக் கட்சிகளின் ஆட்சியிலும், குடியரசுத் தலைவர் ஆட்சியிலும் இடைவெளிகள் விழுந்திருக்கின்றன. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சித் தேர்தலை ஐந்தாண்டுக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான் தமிழ்நாட்டின் நகரங்களில் ஐந்தாண்டைத் தாண்டிய இடைவெளி தொடங்கியது.

2019-இல் ஊரகப் பகுதிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தலுக்குத் தேதி குறிக்கப்படாமலேயே திண்டுக்கல் மாவட்டத்தின் 306 ஊராட்சிகளும் 14 ஒன்றியங்களும் மாவட்ட ஊராட்சியும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. மாநகராட்சி மன்றத்துக்கு 2027 மார்ச் வரை ஆயுள் உண்டு. ஆக, ஒரே சாலையின் இரு ஓரங்களில், மாநகராட்சிக்குள் இருந்த நாகல்நகர்க்காரருக்குத் தண்ணீர்ப் புகார் சொல்ல ஒரு கவுன்சிலர் இருந்தார். பாலகிருஷ்ணாபுரத்துக்காரர் யூனியன் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்பினார்.